லாரியின் டீசல் குழாய்: எதை வெட்டலாம்? எதை வெட்டக் கூடாது?

லாரியின் டீசல் குழாய் ஓட்டையானால், கெட்ட இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை இணைப்பது உண்டு. ஆனால் எல்லாக் குழாயையும் அப்படிச் செய்யக் கூடாது!

வெட்டலாம்

டாங்கியில் இருந்து பம்புக்கு வரும் குழாயில் அழுத்தம் குறைவு. இதை வெட்டி, நடுவே இணைப்புக் குழாய் செருகி, கிளிப் போட்டு இறுக்கலாம். சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டினால், டீசலில் ஊறி உப்பிவிடும்.

பம்பு டீசலை உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே, இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகுந்துவிடும். டாங்கி நிறைய டீசல் இருந்தும் வண்டி நின்றுவிடும்! காற்றை வெளியேற்றினால்தான் கிளம்பும்.

வெட்டக் கூடாது

பம்பில் இருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய் வேறு ரகம். லாரி டயரில் சுமார் 100 பவுண்டு காற்று அடிக்கிறார்கள். இந்தக் குழாயிலோ ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம்! ஒட்டுப் போட்டால் தாங்காது. பல என்ஜின்களில் இந்தக் குழாய்கள் எல்லாம் ஒரே நீளம். ஒன்றைக் குறைத்தால் என்ஜின் ஓட்டமே கெடும். புதுக் குழாய்தான் போட வேண்டும்.

என்ஜின் ஓடும்போது அதில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. பீறிடும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்துவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால், விரலையே எடுக்க நேரலாம்.

குழாய் பெரிதா? விரல் பெரிதா?