எழுத்தும் ஏவலும்: வலைச்செயலிகளில் உரை உள்ளீட்டைச் சோதித்தலும் தூய்மை செய்தலும்

பிறர் கூற்றை எடுத்துக் கூறுமிடத்து, ‘என்று’ என்னும் சொல்லை இறுதியில் வைத்து, அவர் கூற்று இவ்விடத்தோடு முடிந்தது எனக் காட்டுதல் தமிழ் வழக்கு. ‘பெட்டகத்தைத் திற என்று கந்தன் எழுதியிருக்கிறான்’ என ஒருவர் கடிதமொன்றை வாசித்துக் காட்டினால், கேட்டிருக்கும் இலிகிதர் எழுந்து சென்று பெட்டகத்தைத் திறப்பாரல்லர். ‘திற’ என்பது ஏவல் வினையே. ஆயினும் அது கந்தனது ஏவல், தம் மேலுத்தியோகத்தரது ஏவல் அன்று என்பதை அவர் அறிவார். கணினிக்கு இவ்வறிவு இயல்பில் அமைந்ததன்று. அதற்கு எழுத்தும் ஏவலும் ஒரே வகைக் குறிகளால் ஆயவை. எது பொருள், எது கட்டளை எனப் பிரித்துக் காட்டுதல் நிரல் எழுதுவோர் கடன். அப்பிரிவு குலையுமிடத்தே வலைச்செயலிகளுக்கு நேரும் கேடுகளுள் மிகக் கொடியன சில தோன்றுகின்றன.

வலைச்செயலி என்பது உலாவியின் வழியாக நாம் பயன்படுத்தும் நிரல். பரீட்சைக்கு விண்ணப்பித்தல், வங்கிக் கணக்கைப் பார்த்தல், நூலகப் பட்டியலில் நூல் தேடுதல் முதலியன இன்று இத்தகைய செயலிகளாலேயே பெரிதும் நடைபெறுகின்றன. அவற்றிலுள்ள வெற்றுக் கட்டங்களில் யாரும் எதனையும் எழுதலாம். எழுதுபவர் நல்லவரோ தீயவரோ என்பதைச் சேவையகம் அறியமாட்டாது. ஆதலின், வரும் உரையை ஆராய்ந்து, தக்கதாயின் ஏற்றுத் தகாததாயின் மறுத்தல் ஒரு செயல். இதனைச் சோதித்தல் என்போம். உரையிற் சில பகுதிகளை நீக்கியோ மாற்றியோ தீங்கற்றதாக்குதல் மற்றொரு செயல். இது தூய்மை செய்தல். உரையைச் சிறிதும் குறைக்காது, அது செல்லுமிடத்தில் ‘இது வெறும் உரையே’ என்று உணர்த்தும் குறிகளை இட்டு அனுப்புதல் வேறொரு செயல். இதனைக் குறிமாற்றம் எனலாம். இம்மூன்றையும் ஒன்றாக மயங்கிக்கொள்வதே பல தவறுகளுக்கு வித்தாகின்றது என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

முதலில் தரவுத்தளத்தை நோக்குவோம். தரவுத்தளத்தோடு பேசுதற்கென அமைந்த மொழியில், பிறர் தந்த சொல் ஒற்றை மேற்கோட் குறிகளுக்குள் வைக்கப்படும். அம்மொழியைத் தமிழாக்கிக் கூறின், பெயர் = 'கந்தன்' ஆகிய வரிகளைத் தருக, என்பது போன்றிருக்கும். ‘கந்தன்’ என்பது மட்டுமே பயனர் எழுதியது. எஞ்சியவை நிரலாளர் எழுதியவை. இனி, ஒருவன் பெயருக்குரிய கட்டத்தில், கந்தன்' அல்லது '1' = '1 என எழுதுகிறான் என்க. நிரல் அதனை அவ்வாறே இரு குறிகளுக்கிடையில் ஒட்டிவிடின் கிடைக்கும் வாக்கியம் யாது? பெயர் = 'கந்தன்' அல்லது '1' = '1' ஆகிய வரிகளைத் தருக, என்பதாம். ஒன்று ஒன்றுக்குச் சமமாதல் எஞ்ஞான்றும் உண்மை. ஆகவே தரவுத்தளம் கந்தனுடைய வரியை மட்டுமன்றி எல்லாருடைய வரிகளையும் எடுத்துக் கொடுத்துவிடும். பயனர் இட்ட மேற்கோட் குறி, ‘கூற்று இங்கே முடிந்தது’ எனப் பொய்யாகக் காட்டிற்று. அதன் பின் அவன் எழுதியது கட்டளையின் பகுதியாயிற்று.

இத்தாக்குதல் புதியதன்று. 1998 டிசெம்பரில் ஜெஃப் ஃபொரிஸ்ரல் என்பார் புனைபெயரில் ‘ப்றாக்’ என்னும் மின்னிதழில் இதனை விளக்கி எழுதினார். அதன் பின் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2015 ஒக்ரோபரில், பிரித்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனமாகிய ‘ரோக்ரோக்’ இதே முறையால் தாக்குண்டது. 156,959 வாடிக்கையாளரின் விவரங்கள் களவாடப்பட்டன. அவருள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு எண்களும் அவற்றுள் அடங்கின. அந்நிறுவனம் முன்னர் வாங்கிய வேறொரு நிறுவனத்தின் பழைய பக்கங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தமையே வாயிலாயிற்று. அடுத்த ஆண்டில் அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் 400,000 பவுண் தண்டம் விதித்தார். மருந்து தெரிந்த நோயால் இத்துணை இழப்பு நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

அம்மருந்து யாது? மேற்கோட் குறியை எழுதவிடாது தடுத்தல் என்று சிலர் கருதுவர். அது மருந்தன்று. அயர்லாந்து மக்களின் ஓ'பிறயன், ஓ'நீல் போன்ற பெயர்களில் அக்குறி பெயரின் உறுப்பேயாம். அதனைத் தடை செய்தால் அவர் தம் பெயரைத் தாமே எழுத இயலாதவராவர். நீக்கிவிட்டாலோ அவர் பெயர் வேறாகிவிடும். உண்மையான பரிகாரம், கட்டளையையும் பொருளையும் வெவ்வேறாக அனுப்புதலே. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு வினாக்குறியை மட்டும் இட்டுக் கட்டளை முதலில் அனுப்பப்படும். தரவுத்தளம் அதன் அமைப்பை அறுதியிட்டுக்கொண்ட பின்னரே பெயர் தனியே சென்று சேரும். அப்பெயரில் எத்துணை மேற்கோட் குறிகள் இருப்பினும் அவை கட்டளையைத் தீண்டா. இவ்வசதி இன்று வழக்கிலுள்ள எல்லாத் தரவுத்தளங்களிலும் உண்டு. கூடுதற் செலவும் இல்லை.

இனி உலாவியின் பக்கம் வருவோம். உலாவி < என்னும் குறியைக் கண்டால் அங்கே பக்க அமைப்பைப் பற்றிய ஒரு குறிப்போ, இயக்கவேண்டிய நிரலோ தொடங்குகிறது எனக் கொள்ளும். பயனர் ஒருவர் எழுதியது மற்றொருவரின் உலாவியில் அவ்வாறே காட்டப்படுமாயின், முன்னவரின் நிரல் பின்னவரின் பெயரால், அவர் உரிமைகளோடு இயங்கும். இதற்குப் பெயர்பெற்ற சான்று 2005 ஒக்ரோபர் 4 ஆந் திகதி ‘மைஸ்பேஸ்’ தளத்தில் நிகழ்ந்தது. சாமி கம்கார் என்னும் இளைஞர் தம் அறிமுகப் பக்கத்தில் ஒரு சிறு நிரலை ஒளித்துவைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே அவருடைய நண்பராயினர். அந்நிரலும் அவர்தம் பக்கத்திற் படியெடுக்கப்பட்டது. இருபது மணித்தியாலத்துள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் அது பரவிற்று.

மைஸ்பேஸ் தளத்தினர் காவலின்றி இருந்தாரல்லர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. ‘ஜாவாஸ்கிரிப்ற்’ என்னும் மொழிப்பெயரைக் கண்டவிடத்தெல்லாம் அவர்தம் நிரல் அதனை நீக்கிவிடும். கம்கார் அச்சொல்லை இரண்டாகப் பிளந்து, இரண்டாம் பாதியை அடுத்த வரியில் எழுதினார். காவல் நிரல் அதனை அறிந்திலது; அக்கால உலாவிகளுட் சிலவோ இரு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தன. தீயனவற்றைப் பட்டியலிட்டு நீக்கும் முறை இவ்வாறே தோற்கும். தமிழில் ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். ‘திற’ என்னும் சொல் வந்தால் நீக்குக என்பது விதி. ஒருவன் ‘திதிறற’ என எழுதுகிறான். விதி நடுவிலுள்ள ‘திற’வை நீக்குகிறது. எஞ்சியது ‘திற’. காவலாளியே கள்வனுக்கு ஏணி வைத்தவாறாயிற்று.

பட்டியல் முறை குற்றமற்றோரைத் தடுப்பதும் உண்டு. 1996 இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்னும் ஊரிலிருந்து சேர விரும்பியவரை ஏற்க மறுத்தது. அவ்வூர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்களுள் ஓர் இழிசொல் வரிசைப்பட அமைந்திருந்தமையே காரணம்!

உலாவிக்குரிய பரிகாரம் குறிமாற்றம். < என்னும் குறிக்குப் பதிலாக, & இல் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் ஒரு குறுங்குறியீட்டை அனுப்பினால், உலாவி அதனைக் கட்டளையாகக் கொள்ளாது அக்குறியின் வடிவத்தை மட்டும் வரைந்து காட்டும். வாசகர் காண்பது எழுதியவர் எழுதியதே. இம்மாற்றத்தை உரை வெளியே செல்லும் வேளையிற் செய்யவேண்டுமேயன்றி உள்ளே வரும் வேளையிற் செய்யலாகாது. ஏனெனில், ஒரே உரை பக்கத்திலும் தோன்றலாம், மின்னஞ்சலிலும் செல்லலாம், விரிதாளிலும் புகலாம். ஒவ்வோரிடத்திலும் ஏவற் குறி வேறு. விரிதாளில் = என்னும் குறியில் தொடங்குவது கணக்கிடும் கட்டளையாகிவிடும். வரும்போதே மாற்றிச் சேமித்து, செல்லும்போது மீண்டும் மாற்றினால், & என்பதே மறுபடி மாற்றப்பட்டு, பெயர்களுக்கு நடுவே பொருளற்ற எழுத்துக்கள் முளைக்கும்.

அங்ஙனமாயின் தூய்மை செய்தலுக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. தடித்த எழுத்து, இணைப்பு முதலியவற்றைப் பயனர் இடுதற்கு அனுமதிக்கும் செயலிகளில் அது இன்றியமையாதது. அங்கும் நீக்கத்தக்கவற்றைப் பட்டியலிடாது, ஏற்கத்தக்கவற்றைப் பட்டியலிட்டு மற்றனைத்தையும் விலக்குதலே முறை. அதற்கென நன்கு சோதிக்கப்பட்ட நிரலகங்கள் உள. தாமே புதிதாக ஒன்றை எழுதப் புகுதல் துணிகரம்.

சோதித்தல் எங்கே கடுமையாயிருத்தல் வேண்டும்? விதிவகுத்த அமைப்புடைய பொருள்களில். நம் நாட்டுத் தேசிய அடையாள அட்டை எண் இதற்கு நல்ல உதாரணம். பழைய எண் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்தும் உடையது. 2016 முதல் வழங்கப்படும் எண் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. முன்னதில் முதலிரண்டு இலக்கமும் பின்னதில் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்படும். ஆகவே அம்மூன்று இலக்கமும் 1 முதல் 366 வரையோ 501 முதல் 866 வரையோ இருத்தல் வேண்டும். 400 என வரின், அதனை எவ்வித ஐயமுமின்றி மறுக்கலாம். ஈற்றெழுத்தைச் சிறிய எழுத்தாக இட்டவரை மறுத்தல் வேண்டாம். பெரிய எழுத்தாக்கிக்கொண்டால் அமையும். வடிவம் சரியாயினும் எண் அவருடையதுதானா என்பதை இச்சோதனை கூறாது; அது வேறு விசாரணை. மேலும், இச்சோதனை சேவையகத்தில் நடைபெறுதல் வேண்டும். உலாவியில் நடைபெறுவது பயனருக்குச் செய்யும் உபசாரம் மாத்திரமே. தீங்கு செய்ய வருபவன் உலாவியைத் தவிர்த்து நேரே சேவையகத்துக்கு அனுப்பவல்லன்.

சோதனை விதியே கேடு விளைத்ததும் உண்டு. 2016 யூலை 20 இல் ‘ஸ்ராக் ஓவர்புளோ’ என்னும் தளம் முப்பத்துநான்கு நிமிடங்கள் செயலற்றுக் கிடந்தது. வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்குதற்கென எழுதிய ஒரு விதி, ஏறக்குறைய 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்த ஒரு பதிவைச் சந்தித்தது. வெற்றிடம் ஒவ்வொன்றிலிருந்தும் அது புதிதாகத் தேடத் தொடங்கியமையால், ஏறத்தாழ இருபது கோடி ஒப்பீடுகள் செய்ய நேர்ந்தது. உரையின் நீளத்துக்கு முதலில் ஓரெல்லை வகுத்தல் இதனாலும் வேண்டப்படுகின்றது.

எல்லை வகுக்குமிடத்துத் தமிழுக்கு ஒரு தனி இடர் உண்டு. ‘யாழ்ப்பாணம்’ நம் இலக்கணப்படி ஆறெழுத்து. யூனிகோட் முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுதலின் அது பதினொரு குறியாகும்; சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற் வீதம் முப்பத்துமூன்று பைற் ஆகும். அவ்வூரின் ஆங்கிலப் பெயரும் ஆறெழுத்தே. அதுவோ ஆறு பைற்றில் அடங்கும். முப்பது பைற் போதுமென்று வகுத்த கட்டம் ‘யாழ்ப்பாணம்’ என்பதை ‘யாழ்ப்பாணம’ என்று புள்ளியிழக்கச் செய்துவிடும்.

‘எழுத்துக்கள் மட்டும் வருக’ என்னும் விதி இன்னும் விபரீதமானது. யூனிகோட் வகைப்பாட்டில் அகர மெய்யும் உயிரும் ஆய்தமும் எழுத்துக்கள். ா, ி முதலிய குறிகளும் புள்ளியும் எழுத்துக்களாகக் கொள்ளப்படாது சார்குறிகளாகக் கொள்ளப்படும். ஆகவே அவ்விதி ‘கமல’ என எழுதினால் ஏற்கும். ‘கமலம்’ என எழுதினால் மறுக்கும். புள்ளி பெற்ற மெய்யையும் எழுத்தெனவே கற்ற நமக்கு இது வியப்பே. விதியில் சார்குறிகளையும் சேர்த்தல் வேண்டும். முதலெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும், குடும்பப் பெயர் என ஒன்றில்லாமையையும் ஏற்றல் வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே உடைய தமிழரை ‘குடும்பப் பெயரை நிரப்புக’ என்று தடுத்து நிறுத்தும் படிவம், அவர் இல்லாத ஒன்றைப் புனைந்தெழுதுமாறு செய்கின்றது. அதன்பின் அவர் சான்றிதழும் கடவுச்சீட்டும் ஒத்துவரா.

ஒரே சொல் இருவகையாய்ச் சேமிக்கப்படுதலும் உண்டு. ‘கொழும்பு’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, கணினிக்கு அவை இரு சொற்கள். இவை சமமென யூனிகோட் வரையறுத்து, ஒரு வடிவுக்குக் கொணரும் முறையையும் வகுத்துள்ளது. ‘ஔவையார்’ நிலைமை இதனினும் சிக்கலானது. பலர் ‘ஔ’ என்பதனை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுகின்றனர். அவ்விரண்டும் உண்மையில் வெவ்வேறெழுத்துக்களாதலின், யூனிகோட் முறை அவற்றை ஒன்றாக்காது. ‘ஒளி’ என்பதில் அவை முறையாகவே அடுத்தடுத்து நிற்றலின், கண்மூடி மாற்றவும் இயலாது. இத்தகைய இடத்தில், பயனர் எழுதிய வடிவை அவ்வாறே ஒரு பத்தியில் வைத்து, தேடுதற்கும் ஒப்பிடுதற்கும் மட்டும் இரு வடிவையும் ஒன்றாகக் கொள்ளும் மற்றொரு வடிவைப் பக்கத்துப் பத்தியில் ஆக்கி வைப்பர். சான்றிதழில் அச்சேறுவது முதற் பத்தியிலுள்ளது.