தகாதா ஏர்பேக்: உங்கள் காரில் இருக்கிறதா, இலவசமாக மாற்றுவது எப்படி?

அப்பா உங்களுக்குக் கொடுத்த பழைய காடியோ, முதல் சம்பளத்தில் நீங்கள் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரோ, 2000-களின் தொடக்கத்திலிருந்து 2010-களின் நடுப்பகுதிக்குள் தயாரானது என்றால் இதைப் படித்துவிடுங்கள். உயிரைக் காக்க வேண்டிய ஏர்பேக்கே ஆளைக் கொல்லும் அபாயம் அதில் இருக்கலாம்.

மலேசியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2014 ஜூலையில் சரவாக், சிபுவில் 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியில் நடந்த விபத்தில், வெடித்த ஏர்பேக்கிலிருந்து பறந்த உலோகத் துண்டு பட்டு ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே தகாதா ஏர்பேக்கால் பதிவான முதல் மரணம் அது. 2016-லும் நம் நாட்டில் உயிர்கள் போயின.

ஏன் வெடிக்கிறது?

மோதிய நொடியில் பையை ஊத வைப்பது 'இன்ஃபிளேட்டர்' என்னும் சிறிய உலோகக் குப்பி. அதற்குள் இருக்கும் வேதிப்பொருள் எரிந்து வாயுவாகும். ஜப்பானின் தகாதா நிறுவனம் இதற்கு அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பல மாடல்களில் ஈரத்தை உறிஞ்சும் பொருளைச் சேர்க்கவில்லை. வருடக்கணக்கில் ஈரப்பதமும், பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பமும் அந்த ரசாயனத்தைக் கெடுக்கின்றன. கெட்டுப்போனது தேவைக்கு மேல் வேகமாக எரியும், குப்பியே சிதறும்.

வெப்பம், ஈரம், வயது. மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து என்கிறார்கள். முதல் இரண்டும் நம் ஊரில் ஆண்டு முழுக்க இருக்கிறது, இல்லையா? வெயிலில் நிறுத்திய காருக்குள் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்கூரா கார்களின் இன்ஃபிளேட்டர்களைச் சோதித்த அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, அவை வெடித்துச் சிதறும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை இருப்பதாக 2016-ல் எச்சரித்தது. தகாதா 2017-ல் திவாலானது. ஆனால் மாற்றித் தரும் பொறுப்பு கார் நிறுவனங்களுடையது. ஹோண்டா மட்டுமல்ல, டொயோட்டா, நிசான், மஸ்டா, பிஎம்டபிள்யூ எனப் பட்டியல் நீளம்.

எப்படிச் சரிபார்ப்பது?

கார் கெரானை எடுங்கள். அதில் 'நொம்போர் காசிஸ்' என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. உங்கள் கார் நிறுவனத்தின் மலேசிய இணையத்தளத்தில் 'ரீகால்' பக்கத்தைத் தேடி அதைத் தட்டுங்கள். தளம் புரியவில்லையென்றால் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு எண்ணைச் சொன்னாலே போதும்.

"எனக்குக் கடிதம் எதுவும் வரலையே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கடிதம் முன்னாள் உரிமையாளரின் பழைய வீட்டுக்குப் போயிருக்கலாம். நீங்கள் மூன்றாவது உரிமையாளராக இருந்தாலும் இந்தப் பழுதுபார்ப்பு இலவசம்தான். ஓட்டுநர் பக்கத்துக்கும் பயணி பக்கத்துக்கும் தனித்தனி அறிவிப்புகள் வந்திருக்கலாம். எனவே ஒரு முறை மாற்றியிருந்தாலும் மறுபடி பாருங்கள்.

பட்டியலில் கார் இருந்தால் உடனே அப்பாயின்ட்மென்ட் எடுங்கள். இன்ஃபிளேட்டருக்கும் வேலைக்கும் கட்டணம் கிடையாது. "ஆயிலும் மாத்திடலாமா?" என்று கேட்டால் அது வேறு கணக்கு, வேண்டாம் என்று சொல்லலாம். பாகம் வரக் காத்திருக்க வேண்டியிருந்தால், அதுவரை காரை ஓட்டலாமா என்று அவர்களிடமே நேராகக் கேளுங்கள். பயணி பக்கத்தில் பிரச்சினை என்றால் முன் இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஏர்பேக்கைக் கழற்றும் யோசனை வேண்டவே வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு விபத்தில் சிக்கிய காருக்கு ஹாஃப்-கட் கடையிலிருந்து பழைய ஏர்பேக்கை வாங்கிப் பொருத்தியிருந்தால், காசிஸ் எண் அதைக் காட்டிக் கொடுக்காது. வாங்கிய கார் அப்படிப்பட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், சர்வீஸ் சென்டரில் அதைச் சொல்லி நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும், எந்தப் பக்கம் மாற்றினார்கள் என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்கி கெரானோடு வையுங்கள். காரை விற்கும்போது அடுத்தவர் கேட்பார்.