ஞாயிறு இரவு அரைமணி நேரம்



நம் முசிறியிலிருந்து காலை ஆறரை மணிப் பேருந்தில் திருச்சிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குணசீலம் வரும்வரை நின்றுகொண்டே போகிறவர்கள் பலர். அவர்களில் ஒருத்தி, இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி, இரண்டு அரியர் விழுந்துவிட்ட கவலையோடு என்னிடம் வந்தாள். "படிக்கணும்னு ஆசைதான் ஃபாதர், நேரமே இல்லை" என்றாள். எல்லாரும் சொல்கிற சாக்குத்தானே என்று நினைத்தேன். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். கல்லூரி வகுப்பு 30 மணிதான். ஆனால் ஆறரைக்குப் புறப்பட்டு மூன்றரைக்கு வீடு திரும்பினால், ஆறு நாளில் 54 மணி போய்விடுகிறது. தூக்கத்துக்கு 49. இதைக் குறைக்க நான் விடவில்லை. தூங்காமல் படித்தது தேர்வறையில் நிற்காது. குளியல், சாப்பாட்டுக்கு 14. வீட்டு வேலை, தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவது என்று நாளுக்கு மூன்று மணி, ஆக 21. கோவிலுக்கு 4. கழித்தால் மீதி 26.

"26 மணி இருக்கிறதே!" என்றேன். "எங்க ஃபாதர் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அந்த 26 மணியும் ஒரே துண்டாக இல்லை. அரைமணி, இருபது நிமிடம் என்று சில்லறையாகச் சிதறிக் கிடந்தது. சில்லறையை எடுப்பது கைபேசிக்குச் சுலபம். எனவே முதலில் தேட வேண்டியது, ஒன்றரை மணி நேரம் யாரும் கூப்பிடாத இடைவெளி வாரத்தில் எங்கே இருக்கிறது என்பதை. அவளுக்கு நான்கு கிடைத்தன. கடினமான பாடங்கள் அங்கே போயின. பேருந்துக்கு அன்றைய குறிப்பைத் திருப்பிப் பார்க்கிற வேலை போதும். அதுவும் உட்கார இடம் கிடைத்தால்.

இன்னொரு சிக்கல், பெற்றோர் பலருக்குத் தெரியாதது. நம் கலைக் கல்லூரிகள் பலவற்றில் திங்கள், செவ்வாய் என்று பாடவேளை கிடையாது. முதல் டே ஆர்டர் தொடங்கி ஆறாவது டே ஆர்டர் வரை என்று வரிசை. புதன்கிழமை விடுமுறை என்றால், புதனுக்கு இருந்த மூன்றாவது ஆர்டர் வியாழனுக்குத் தள்ளிப்போகும். "செவ்வாய் மாலை ரெக்கார்டு எழுதுவேன்" என்று இவள் போட்டிருந்த திட்டம் ஒரே ஒரு விடுமுறையில் உடைந்தது அதனால்தான். ஆய்வகம் நகர்ந்துவிட்டது, திட்டம் நகரவில்லை. தன்மேலேயே கோபப்பட்டு முழுவதையும் கைவிட்டுவிட்டாள்.

ஆகவே வருடம் முழுவதற்கும் ஒரே அட்டவணை போட வேண்டாம். ஞாயிறு இரவு அரைமணி நேரம், வரப்போகிற வாரத்துக்கு மட்டும். கிழமையோடு நிற்பவை ஒரு பக்கம், ஆர்டரோடு நகர்பவை மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து எழுத வேண்டும். ஒரு மாலையை ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். காய்ச்சல் வரும், பேருந்து வராது, விருந்தாளி வருவார். தவறியது அந்த மாலைக்குப் போகும். லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதாக ஆண்டவர் சொல்கிறார். உட்கார்ந்து என்பதைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டே போடுகிற கணக்கு இல்லை அது.

எனக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. குருமடத்தில் மணி அடிக்கும், எழுவோம். மணி அடிக்கும், படிப்போம். பங்குக்கு வந்த முதல் வருடம் மணி அடிக்க ஆள் இல்லை. மறையுரையைச் சனிக்கிழமை நள்ளிரவில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெற்றோரே, அந்த 21 மணியைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை. அதே வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியின் வீட்டு வேலைக் கணக்கு என்ன என்று கேட்டேன். தாளில் எழுத ஒன்றும் இல்லை. மகள் வீட்டில் இருக்கிறாள் என்றால் சும்மா இருக்கிறாள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவளுடைய அம்மாவை அழைத்து அந்தத் தாளைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நானும் இப்படித்தான் சாமி பத்தாவதோட நின்னேன்" என்றார். இப்போது ஆய்வக நாள்களில் பாத்திரம் துலக்குவது தம்பி.

அதோடு, கோவிலுக்கு என்று எழுதிய அந்த நான்கு மணியும் என் கண்ணில் பட்டது. திருப்பலி போக மீதி பாடகர் பயிற்சி. உள்தேர்வு நடக்கும் வாரங்களில் கல்லூரிப் பிள்ளைகள் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வர வேண்டியதில்லை என்று பாடகர் குழுப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஞாயிறுகளில் பாட்டு கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.