மலைச்சாலையில் ஒரு முதிய கார்

ஒரு பொருளை வாங்குவது வேறு. அதை வைத்துக் காப்பது வேறு. யானையை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்தப் பழமொழிக்கு இன்று மோட்டார் உலகத்தில் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. புதிதாக வந்த காலத்தில் செல்வர்கள் மட்டுமே வாங்கக்கூடியதாய் இருந்த உயர்தரக் கார், இருபது ஆண்டுகள் கழிந்தபின் ஒரு சிறு காரின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது; அதன் உறுப்புகளின் விலை இறங்கவில்லை. இந்த வேறுபாட்டை உணராமல் வாங்குவோர் பலர். போடிநாயக்கனூரைப் போன்ற மலையடிவாரத்து ஊரில், இந்த அறியாமை பணத்தோடு நின்றுவிடுவதில்லை. உயிருக்கும் உலை வைக்கக்கூடும்.

ஜப்பானிய உயர்தரக் கார்களின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சிக்கனமான சிறு கார்களுக்குப் பெயர்பெற்ற ஜப்பான், 1980க்குப் பிறகு செல்வர்களுக்குரிய கார்களை வெளிநாடுகளில் விற்கவும் துணிந்தது. ஹோண்டா நிறுவனம் 1986இல் அமெரிக்காவில் அக்யூரா என்ற பெயரில் தனிக்கிளை தொடங்கியது. டொயோட்டா நிறுவனம் 1989இல் லெக்சஸ் என்ற பெயரில் எட்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்திய எல்.எஸ். 400 என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு டிசம்பரில், சில குறைகள் தெரியவந்ததும், அதுவரை விற்ற சுமார் 8000 கார்களையும் திரும்ப அழைத்துச் செப்பனிட்டுத் தந்தது. நல்ல கார் என்பது நல்ல உலோகத்தால் மட்டும் ஆவதன்று, அதைத் தொடர்ந்து கவனிக்கும் கையாலும் ஆவது என்பதை அந்நிகழ்ச்சி உலகத்துக்குக் காட்டியது.

நம் நாட்டில் ஜப்பானியக் கலை பல வழிகளில் வந்தது. அவற்றுள் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது திருவள்ளூர். அங்கிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவாயின. பின்னர் பஜேரோ என்ற பெரிய மலைவண்டியும் அங்கிருந்து வந்தது. அவை புதிதாய் விற்பனையாகும் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் அவ்வண்டிகளுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆலை நின்ற பின்னும் ஓடும் கார் ஒன்றைக் காப்பது எப்படி என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இனி நிலத்தைப் பார்ப்போம். ஏலக்காய் ஏலத்துக்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூர் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிறது. கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, முந்தலைக் கடந்ததும் மலையேறத் தொடங்கி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டை அடைகிறது. ஊருக்கும் உச்சிக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். உயர வேறுபாடு ஏறத்தாழ 1000 மீட்டர். காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இந்தச் சாலையில்தான் மேலே செல்கின்றன; மாலையில் இதே வழியில் திரும்புகின்றன. கீழே கடும் வெயில், மேலே குளிரும் மூடுபனியும் மழையும். ஒரே நாளில் இவ்விரண்டையும் கண்டு திரும்பும் வண்டிக்கு இந்தச் சாலை ஒரு தேர்வுக்கூடம்.

கார் எவ்வாறு முதுமை அடைகிறது? எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எஞ்சினின் இரும்பும் எஃகும் நல்ல எண்ணெய் இருக்கும் வரை நெடுங்காலம் உழைக்கும். ரப்பர் அப்படியன்று, கார் ஓடாமல் நின்றாலும் அது காய்ந்து வெடிக்கும். எண்ணெய் முதலிய திரவங்கள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடும். மின்கம்பிகளும் மின்னணுப் பெட்டிகளும் கண்ணுக்குத் தெரியாமல் நலியும். ஆதலின் மீட்டரில் தெரியும் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வது பிழை. வயதையும் ஓட்டத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மலையேற்றத்தை முதலில் கவனிப்போம். ஏறும்போது எஞ்சின் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகிறது. காரோ மெதுவாகச் செல்வதால் ரேடியேட்டருக்குக் காற்று குறைவாகக் கிடைக்கிறது. உயரம் கூடக்கூட நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைத் தடுக்கவே ரேடியேட்டர் மூடியில் ஒரு சுருள்வில் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரி வரை உயர்த்துகிறது. முதிய காரில் அந்தச் சுருள்வில் தளர்ந்திருக்கும். ஹோஸ் குழாய்கள் மென்மையாகிப் புடைத்திருக்கும். கூலண்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் உப்புத்தண்ணீர் ஊற்றியிருந்தால் ரேடியேட்டர் குழல்களில் படிவு அடைத்திருக்கும். இவற்றுள் மிக மலிவானது மூடி. அந்த மூடியைக் கவனியாமல் விட்டுப் பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள எஞ்சின் தலையைப் பறிகொடுப்பவர் உண்டு. வெப்ப முள் ஏறினால் ஓரமாய் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும்.

ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. இதற்குரிய பௌதிகத்தை நீங்கள் பள்ளியில் கற்றிருக்கிறீர்கள். ஆட்களும் மூட்டைகளும் ஏறிய ஒரு பெரிய காரின் நிறை 2000 கிலோகிராம் என்று கொள்வோம். அது 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 2 கோடி ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 30 டிகிரியில் உள்ள 65 லிட்டர் தண்ணீரை, அதாவது ஏறக்குறைய ஐந்து குடம் தண்ணீரை, கொதிக்கவைக்க இது போதும். இதில் ஒரு பங்கை டயர்களின் உராய்வும் காற்றின் தடையும் ஏற்கின்றன. எஞ்சியதை யார் ஏற்பது? எஞ்சின் ஏற்க வேண்டும். இல்லையேல் சக்கரங்களில் உள்ள சிறிய பிரேக் தட்டுகள் ஏற்க வேண்டும்.

எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கூறுவதன் பொருள் இதுதான். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. உயர்தரக் கார்களுள் பெரும்பாலானவை தாமாகக் கியர் மாற்றுபவை. அவற்றை டி என்ற நிலையில் விட்டு இறங்கினால் கார் மேல் கியருக்குத் தாவி, எஞ்சினின் பிடி குறைந்துவிடும். அதற்காகவே 2, எல் என்ற நிலைகள் இருக்கின்றன. எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது பெருந்தீங்கு. பிரேக்கை அழுத்த நம் காலுக்குத் துணைசெய்யும் வெற்றிடக் கலம் எஞ்சின் ஓட்டத்தால் இயங்குவது. எஞ்சின் நின்றபின் இரண்டொரு மிதியோடு அத்துணை தீர்ந்துபோகும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

பிரேக் ஆயிலின் கதை இன்னும் நுட்பமானது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உலர்த்திய ஏலக்காயைக் காற்றுப்பட வைத்தால் மலை ஈரத்தை மீண்டும் வாங்கிக்கொள்ளும் என்பதும் இவ்வூராருக்குத் தெரியும். பிரேக் ஆயிலும் அத்தகைய இயல்புடையது. டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் கலந்த அளவிலேயே அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் அவ்வாயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும். ஆவியோ சுருங்கிக் கொடுக்கும். மிதிகட்டை தரைவரை இறங்கும், சக்கரம் நிற்காது. சமவெளியில் பல ஆண்டுகள் குறையொன்றும் காட்டாத பிரேக், பத்தாவது வளைவில் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

அடுத்து ரப்பர். பல எஞ்சின்களில் வால்வுகளைத் தக்க நேரத்தில் திறந்து மூடச் செய்வது டைமிங் பெல்ட் என்னும் பல்வைத்த ரப்பர்ப் பட்டை. முன்னறிவிப்பு இல்லாமல் அது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். ஆதலின் தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டரிலோ ஆண்டிலோ, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் மாற்றியதற்குச் சீட்டு இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொள்வது அறிவுடைமை. டயரின் வயதை அறிய அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூவேலை தேயாமல் இருந்தாலும், பத்து ஆண்டு கடந்த டயர் நனைந்த மலைச்சாலைக்கு ஏற்றதன்று.

மின்னணுப் பகுதியும் இவ்வகைக் கார்களில் மிகுதி. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த ஜப்பானியக் கார்கள் பலவற்றில், எஞ்சினை ஆளும் பெட்டிக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் காலப்போக்கில் கசிந்து தகட்டை அரித்துவிடுகின்றன. பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லக் கேட்டு மனம் கலங்குவோர், மின்னணு வேலை அறிந்தவரிடம் அந்தத் தேக்கிகளை மட்டும் மாற்றிப் பயன்பெறலாம். தோட்டத்து ஷெட்டுகளில் நிறுத்தும் கார்களுக்கு எலியும் பகை. கம்பியின் உறையை அது கடித்துவிடும். முன்கண்ணாடியின் அடியில் தேங்கும் இலைச்சருகு நீர்ப்போக்கை அடைத்துத் துருவுக்கு வழிசெய்யும். மழைமாதங்களில் வாரம் ஒருமுறை அதை அள்ளி எறியச் செலவு ஏதும் இல்லை.

உறுப்புகள் எங்கே கிடைக்கும்? ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு வரியும் கூடுகிறது. இதனால் அங்கே நல்ல நிலையிலுள்ள கார்களும் பயன்பாட்டிலிருந்து விலகி வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. இலங்கையில் அத்தகைய கார்கள் ஏராளம். அங்கே 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த பழைய கார்களையே பேணிக் காக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அவ்வளவு கார்கள் இல்லாமையால் உறுப்பு கிடைப்பது அரிது. ஆகவே வாங்குமுன் காரைப் பார்ப்பதோடு, அதன் பிரேக் தட்டும் நீர்ப் பம்பும் எங்கே, என்ன விலையில், எத்தனை நாளில் கிடைக்கும் என்றும் விசாரித்தல் வேண்டும். அந்தக் காரை அறிந்த மெக்கானிக் மதுரையில்தான் இருக்கிறார் என்றால், அத்தொலைவையும் செலவில் சேர்க்க வேண்டும்.

செலவுக்கு ஒரு வரிசை உண்டு. நிற்கும் ஆற்றல் முதலாவது, திரும்பும் ஆற்றல் இரண்டாவது, குளிர்விக்கும் ஆற்றல் மூன்றாவது, ஓடும் ஆற்றல் நான்காவது, சொகுசு கடைசி. உயர்தரக் காரை வாங்குவோர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர். தோல் இருக்கைக்கும் பாட்டுப்பெட்டிக்கும் செலவிட்டுவிட்டுப் பிரேக்கை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கின்றனர். இதைத் தவிர்க்க ஒரு குறிப்பேடு போதும். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எது மாற்றப்பட்டது என்று எழுதி வந்தால், அடுத்து வரப்போகும் செலவு முன்கூட்டியே தெரியும். ஓராண்டுச் செலவு காரின் இன்றைய மதிப்பை நெருங்கினால் விற்றுவிடலாமா என்ற கேள்வி எழும். நிற்கவும் திரும்பவும் வேண்டியதைச் செய்யக் கையில் பணம் இல்லையெனில் அக்கேள்விக்கு இடமே இல்லை. அந்தக் காரை மலைக்கு எடுத்துச் செல்லலாகாது.

சட்டமும் இதைக் கருதுகிறது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழில் விழும் முத்திரை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். அடுத்த மழைக்காலத்துக்கு அது உறுதிகூறாது. அந்த உறுதியை உரிமையாளரே நாள்தோறும் தேடிக்கொள்ள வேண்டும்.

பழைய பொருளைப் பேணுவது பாராட்டத்தக்க பண்பு. நன்கு செய்த எந்திரத்தை வயதாயிற்று என்று எறிந்துவிடாமல் காப்பவன், அதைச் செய்த தொழிலாளியின் கைவண்ணத்தை மதிப்பவன் ஆகிறான். ஆனால் மலைச்சாலை ஒருவருக்கே உரியதன்று. வளைவுக்கு அப்பால் நெருக்கியடித்து ஜீப்பில் வரும் தொழிலாளர் இருக்கலாம். பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவர் இருக்கலாம். அவர்கள் நம் காரின் பெயரையோ பெருமையையோ அறியமாட்டார்கள். அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் போதும் என்பதே அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது. அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றத் தக்க அறிவும் ஒழுங்கும் உடையவரே முதிய காருக்கு உரிமையாளராக இருக்கத் தகுதியுடையவர்.