உடுத்திய துணி வாங்குபவருக்கும் உரிமை உண்டு

வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்துத் தெருக்களில் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர்கள் கூவிவருவது புதிதல்ல. நாம் கொடுத்தனுப்பும் சேலையும் சட்டையும் தரம் பிரிக்கப்படுகின்றன. நல்லவை துவைத்துத் தேய்க்கப்பட்டு, ஏதோ ஒரு சந்தையில் மறுபடி விலைக்கு வருகின்றன. கொடுக்கத் தயங்காத நாம் வாங்க மட்டும் கூசுகிறோம்.

அந்தக் கூச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆண்டை வீட்டில் உடுத்திக் கழித்ததையே பண்ணையாள் உடுத்த வேண்டும் என்றிருந்த காலத்தை மறப்பது எளிதல்ல. ஆனால் திணிக்கப்பட்ட பழந்துணி வேறு, பேரம் பேசிப் பிடித்ததை வாங்குவது வேறு. தீபாவளிக்கு மட்டும் புதுத்துணி எடுக்கும் குடும்பத்துக்கு இந்தக் கட்டுரை புத்தி சொல்லவில்லை. மாதந்தோறும் செல்போனில் ஆர்டர் போட்டு, நாலு துவையலில் தூக்கி எறிகிறவர்களிடம்தான் பேசுகிறது.

அந்தத் துணிகளின் மலிவுக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர்த் தேக்கமானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தையல் தொழிலாளர்கள்.

ஆகவே முதல் வேலை, குறைவாக வாங்குவது. பீரோவில் இருப்பதைத் தையல்கடையில் ஆல்டர் செய்து உடுத்தலாம். பழையது மலிவு என்று பத்து எடுத்தால் பயன் எதுவும் இல்லை.

வாங்குவது பழையதானாலும், வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால் நீங்கள் நுகர்வோர்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பழையதைப் புதியது என்று சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்காது. ஆனால் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்பவை குறைபாடு ஆகா. கடையிலேயே போட்டுப் பாருங்கள். தன் உடையை எப்போதாவது விற்கும் தனியாளிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

ஆன்லைன் தளங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். பில்லையும், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள்.

பழைய துணியால் உடம்புக்கு வரும் ஆபத்து சிறியதுதான், ஆனாலும் அலட்சியம் கூடாது. சிரங்குப் பூச்சி உடலை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பெரும்பாலும் பிழைக்காது. மூட்டைப்பூச்சியோ மாதக்கணக்கில் தாங்கும். தையல் மடிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். துணி தாங்கும் என்றால் நல்ல வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, சூடாகத் தேய்த்த பிறகே உடுத்துங்கள். உள்ளாடைகளைப் பழையதாக வாங்க வேண்டாம்.

போகியன்று பழந்துணியை எரிப்பதையும் நிறுத்துவோம். பாலியஸ்டர் புகை குழந்தைகளின் நுரையீரலுக்குத்தான் போகிறது. எரிக்காமல் கொடுக்க வழி உண்டு. திருநெல்வேலியில் 2017-இல் அன்றைய ஆட்சியர் சந்தீப் நந்தூரி ‘அன்புச் சுவர்’ அமைத்தார். வேண்டாதவர் வைக்கலாம், வேண்டியவர் யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம். வல்லம் ஒன்றியத்தின் ஊராட்சிகளிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று நவம்பர் 1 கிராம சபையில் கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொன்னால், போகிக்கு முன் அமைக்க இரண்டு மாதம் இருக்கும்.