பண்டிகைப் பணமும் சைக்கிள் பாதையும்



பண்டிகை நெருங்கிவிட்டால் நம் வீட்டு வாசலுக்கு ரசீதுப் புத்தகங்களும் வந்து சேர்ந்துவிடும். மாரியம்மன் கோயில் திருப்பணிக்கென்று ஒருவர் வருவார். தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து இருவர் வருவார்கள். இளைஞர் மன்றத்துப் பையன்கள் கலை நிகழ்ச்சி டிக்கெட்டோடு வந்து நிற்பார்கள். நாமும் துணிமணி, பலகாரச் சாமான் செலவெல்லாம் போக மிஞ்சியதில் ஐந்தோ பத்தோ கொடுத்தனுப்புகிறோம். இவர்களுக்கிடையில் ஒருவர் வந்து, "சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சங்கத்துக்கு நன்கொடை கொடுங்கள்" என்று கேட்டால் என்ன சொல்லுவோம்? சைக்கிளுக்கு எதற்கப்பா சங்கம், பந்தயம் விடப் போகிறீர்களா என்றுதான் கேட்போம்.

ஆனால் சைக்கிளின் அருமையை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? பால் வெட்டப் போனதும் சைக்கிளில்தான். பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதும் சைக்கிளில்தான். இன்று வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டாலும், பிள்ளைகளுக்குச் சைக்கிள் போகவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் அவர்கள் ஓட்டும்போது நமக்கு அவ்வளவு கவலையில்லை. தோட்டத்து வாசலைத் தாண்டிப் பெரிய சாலையில் சக்கரம் ஏறியதும்தான் பெற்றவர்களுக்கு வயிற்றில் நெருப்பு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி உரசிக்கொண்டு போகும். ஒதுங்குவதற்குச் சாலையோரத்தில் இரண்டடி இடம் இராது. அந்த இரண்டடி இடத்தை யார் கேட்பது, எப்படிக் கேட்பது, வாயால் கேட்பதற்குப் பணம் எதற்கு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மேற்குக் கரையில் ஓரிகன் என்று ஒரு மாநிலம். அதில் போர்ட்லண்ட் என்று ஒரு நகரம். நடுவே வில்லாமெட் என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல் வரிசையாகப் பாலங்கள். குளிர்காலம் முழுவதும் அங்கே மழைதான். அந்த மழையிலும் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் அங்கே உண்டு. ஆண்டு முடியும் வேளையில் அந்த ஊர்ச் சைக்கிள் சங்கங்கள் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்புவது வழக்கம்.

ஏன் ஆண்டு முடிவில்? நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அவர்களுக்கு நன்றி கூறும் திருநாள். அதையடுத்துக் கிறிஸ்துமஸ். மனம் இளகியிருக்கும் காலம் அது. இன்னொரு காரணமும் உண்டு. அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்த ஆண்டுக் கணக்கில் சேர வேண்டுமானால் டிசம்பர் 31க்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே பக்தியும் கணக்கும் ஒரே மாதத்தில் வந்து கூடுகின்றன! போர்ட்லண்டில் ஒரு வாரப் பத்திரிகை 2004ஆம் ஆண்டிலிருந்து நவம்பர், டிசம்பர் மாதங்களில் உள்ளூர் அறநிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டு, வாசகர்களிடமிருந்து நிதி திரட்டிக் கொடுத்து வருகிறது. பத்து டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். கொடுத்தவருக்குக் காப்பிக் கடைச் சீட்டு, தின்பண்டச் சீட்டு என்று ஏதாவது பரிசும் கிடைக்கும். தானம் கொடுப்பதற்குக் காப்பியா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். நம் கோயிலில் நன்கொடை கொடுத்தவருக்குத் தனியாகப் பிரசாதத் தட்டு கொடுப்பதில்லையா, அதுபோலத்தான் என்று வைத்துக்கொள்ளுவோம்.

சைக்கிள் காரியத்துக்காக இந்த ஊரில் இரண்டு விதமான நிறுவனங்கள் நிதி கேட்டு வந்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதலாவது, 1994ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகச் சைக்கிள் நிலையம். பழைய சைக்கிள்களை வாங்கிப் பழுதுபார்ப்பதும், பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் அதன் வேலை. டிசம்பர் மாதத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை வரவழைத்து ஆளுக்கொரு சைக்கிளும் தலைக்கவசமும் கொடுக்கும் விழாவினால் அது பேர் பெற்றது. அந்த ஒரு நாளுக்காகத் தொண்டர்கள் பல மாதங்கள் துருவைத் தேய்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு உழைப்பார்கள். சைக்கிள் கிடைத்த பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்துக் காட்டினால் யாருக்குத்தான் பை திறக்காது? நிச்சயமாக நல்ல காரியம்.

இரண்டாவது, 1990ஆம் ஆண்டில் தொடங்கிய சைக்கிள் போக்குவரத்துக் கூட்டணி. இந்தச் சங்கம் நகர மன்றத்திலும் சட்டமன்றத்திலும் போய்ப் பேசும், திட்ட வரைபடங்களை வாங்கிப் படிக்கும், கேள்வி கேட்கும், மனுப் போடும். இதைப் படம் பிடித்துக் காட்ட முடியுமா? நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் புரட்டுகிறவரின் படத்தைப் பார்த்து யாரும் கண் கலங்கமாட்டார்கள். இத்தகைய சங்கத்துக்குப் பண்டிகைக் காலத்தில் பணம் சேர்ப்பது அதனால்தான் கடினம்.

சரி, தாளைப் புரட்டி என்ன சாதித்தார்கள்? அந்தக் கதை சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய கதை.

ஓரிகன் மாநிலத்தில் 1971ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. டான் ஸ்டாத்தோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் அதைக் கொண்டுவர முன்னின்றார். ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். அதில் இரண்டு விதிகள் முக்கியமானவை. ஒரு சாலையைப் புதிதாகப் போட்டாலும் சரி, மாற்றிக் கட்டினாலும் சரி, அதில் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வழி வைக்க வேண்டும் என்பது ஒன்று. நெடுஞ்சாலை நிதியில் நூற்றுக்கு ஒரு பங்காவது இந்த வழிகளுக்குச் செலவாக வேண்டும் என்பது மற்றொன்று. அதாவது சாலைக்கு 100 டாலர் வந்தால் அதில் 1 டாலருக்குக் குறையாமல் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் சேர வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத இடம், பயனுக்கு மீறிய செலவு பிடிக்கும் இடம் என்று சில விலக்குகளும் உண்டு.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1990களின் தொடக்கத்தில், போர்ட்லண்டில் ஒரு பெரிய விளையாட்டரங்கம் எழும்பத் தொடங்கியது. அதைச் சுற்றியிருந்த தெருக்களையும் மாற்றிக் கட்டினார்கள். அந்தத் தெருக்கள் எல்லாவற்றிலும் சைக்கிளுக்கு வழி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கைத்தான் நாங்கள் செலவழித்துவிட்டோமே என்ற தோரணையில் நகராட்சி வாதாடியது. சைக்கிள் சங்கம் நகராட்சியின் மேல் வழக்குப் போட்டது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நூற்றுக்கு ஒன்று என்பது குறைந்த அளவு. அதைச் செலவழித்துவிட்டதால் சாலை கட்டும்போது வழி வைக்கும் கடமை தீர்ந்துவிடாது. இரண்டு விதிகளும் தனித்தனி. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தீர்ப்பு ஒரு விளையாட்டரங்கத்துத் தெருக்களோடு நின்றுவிடவில்லை. அந்த மாநிலத்தில் அதற்குப் பிறகு சாலை கட்டிய ஒவ்வோர் ஊராட்சியும் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு பிள்ளைக்குக் கொடுத்த சைக்கிள் அந்தப் பிள்ளைக்கு உதவும். ஒரு சாலையில் கிடைத்த வழி, சைக்கிளைக் கடையில் வாங்கியவன், இரவல் வாங்கியவன் எல்லாருக்கும் உதவும். இரண்டும் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் லோரி ஓடும் சாலையில் விடுவதற்கென்று பிள்ளைக்குச் சைக்கிளை மட்டும் வாங்கிக் கொடுப்பதில் நமக்கு முழு நிறைவு இல்லை.

வழக்குப் போட வழக்கறிஞர் வேண்டும்; கோப்புகளைப் படிக்க ஆள் வேண்டும்; அந்த ஆளுக்குச் சம்பளம், உட்காரும் அறைக்கு வாடகை, தொலைபேசிக் கட்டணம் எல்லாம் வேண்டும். அரசாங்கத்திடமே மானியம் கேட்டால் என்ன? கிடைக்கும். ஆனால் மானியப் பணம் கட்டிய கையோடுதான் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடத்து என்று கொடுத்த பணத்தை அந்த வகுப்புக்கு மட்டுமே செலவிடலாம். அமெரிக்க மத்திய அரசின் மானியத்தை எடுத்துக்கொண்டு, சட்டத்தை மாற்று என்று சட்டமன்ற உறுப்பினரிடம் போய்க் கேட்க முடியாது. அதற்குத் தடை இருக்கிறது. உறுப்பினர்களின் சந்தாவும் பண்டிகைக் கால நன்கொடையும்தான் சங்கம் தன் விருப்பப்படி எடுத்தாளக்கூடிய பணம். பத்து டாலரின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. இந்த நன்கொடையிலும் ஒரு வரம்பு உண்டு: வரிக்கழிவு பெறும் அறநிறுவனம் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரித்து நிற்கக் கூடாது.

நம்மவர்களுக்கு இது புதிதன்று. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ஆம் ஆண்டில் அமைந்தபோது சந்தாப் பணம் எதற்குப் போயிற்று? யாருக்கும் அரிசி வாங்கிக் கொடுக்கவில்லை. முதலாளிமார் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து கூலி பேச ஆள் வைக்கப் போயிற்று. சைக்கிள் சங்கத்துக்குக் கொடுப்பதும் அந்த வகைப் பணம்தான்.

போர்ட்லண்டின் முக்கியமான நான்கு பாலங்களின் வழியாக 1991இல் நாளொன்றுக்குச் சுமார் 3,000 சைக்கிள் பயணங்கள் நடந்தன. 2008இல் அது 16,000ஐத் தாண்டியது. கார்களுக்கு இடமே கொடுக்காமல், ரயிலும் பஸ்ஸும் சைக்கிளும் நடப்பவரும் மட்டும் போகும்படி ஒரு பெரிய பாலத்தை 2015ஆம் ஆண்டில் திறந்தார்கள். இவையெல்லாம் ஒரு சங்கத்தின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. நகராட்சியின் பொறியாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதன் பிறகு எல்லாம் ஏறுமுகமாகவே இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2010களின் நடுப்பகுதிக்குப் பிறகு சைக்கிளில் போவோர் தொகை அங்கே குறைந்தது. சங்கமும் 2016ஆம் ஆண்டில் தன் பெயரையே மாற்றிக்கொண்டு, நடப்பவருக்கும் பஸ்ஸில் போவோருக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கத் தொடங்கியது.

நம் பக்கத்தில் இப்படி ஒரு முயற்சி எடுப்பதானால் முதலில் சில காரியங்களைச் செய்துகொள்ள வேண்டும். மலேசியாவில் சங்கம் என்று அமைந்தால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் பணம் திரட்ட 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி அனுமதி பெறாமல் உண்டியலைத் தூக்கிக்கொண்டு புறப்படக் கூடாது. கொடுத்தவர் வரிக்கழிவு பெற வேண்டுமானால், வருமான வரி இலாகா அங்கீகரித்த நிறுவனமாக அது இருக்க வேண்டும். பணம் கேட்டு வருகிறவரிடம் அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுவதும், போன ஆண்டுக் கணக்கு எங்கே என்று கேட்பதும் மரியாதைக் குறைவு என்று நம் பெண்மணிகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறவர் அந்தக் கேள்விக்காகக் கோபிக்கமாட்டார்.

பணம் திரட்டுமுன் செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. போர்ட்லண்டில் கோடைகாலத்தில் தொண்டர்கள் தெருமுனைகளில் நின்று, போகிற சைக்கிள்களை எண்ணி நகராட்சிக்குக் கணக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். நம் தோட்டத்து முச்சந்தியிலும் பள்ளி தொடங்குமுன் ஒரு மணி நேரம் இரண்டு பேர் நின்றால் போதும். எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், அவர்களைத் தாண்டி எத்தனை லோரிகள் போகின்றன, எந்த இடத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிவைக்கலாம். மாவட்ட மன்றத்துக்கோ பொதுப்பணி இலாகாவுக்கோ மனு எழுதும்போது, "ஆபத்தாக இருக்கிறது ஐயா" என்று மட்டும் எழுதாமல் அந்த எண்களையும் தேதியோடு சேர்த்து எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.