கணிப்பொறி ஆட்டத்தின் தொடக்கக் கட்டளைகள்

ஸ்ரீபெரும்பூதூர் என்றவளவில் நம் முன்னோர்க்கு இராமாநுசர் அவதரித்த தலமென்னும் நினைவே தோன்றும். இக்காலத்தார்க்கோ அவ்வூர் முதல் ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளே கண்முன் நிற்கும். 2007ஆம் ஆண்டில் டெல் நிறுவனத்தார் கணிப்பொறிகளைப் பூட்டியமைக்கும் ஆலையொன்றை ஆங்கு நிறுவினர். கணிப்பொறி பிறக்கும் அவ்வட்டாரத்தில், இரவும் பகலும் முறைமாறி உழைக்கும் இளைஞர் தம் ஓய்வு வேளையைக் கணிப்பொறி ஆட்டத்திற் கழித்தல் வியப்பன்று. அவ்வாட்டங்களுள் 'கவுண்டர் ஸ்டிரைக்' என்பதற்குரிய தொடக்கக் கட்டளைகளைப்பற்றி ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். அதற்கொரு காரணமும் உண்டு.

சென்ற விடுமுறையில், ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரியும் எம் அத்தானைக் காணச் சென்றோம். அவரும் அறைத்தோழர் நால்வரும் தத்தம் ஊதியத்திற் சிறிது சிறிதாக ஒதுக்கிப் பழைய கணிப்பொறியொன்று வாங்கியிருந்தனர். ஆடுங்கால் திரையிற் படம் இடையிடையே நின்று நின்று ஓடிற்று. அண்டை அறையாரிடம் தொடர்ந்து தோல்வியே கண்டனர். புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலன்றித் தீராது என்றார் ஒருவர். அதன் விலையோ அத்தானுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். "தம்பி, நீ படித்தவன், வாங்கத்தான் வேண்டுமா என்று பார்த்துச் சொல்" என்றார் அவர்.

நிற்க. இவ்வாட்டம் 1999ஆம் ஆண்டில் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவரால் 'ஹாஃப் லைஃப்' என்ற ஆட்டத்தின் திரிபாக ஆக்கப்பட்டது. பின்னர் வால்வு நிறுவனத்தார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். அதன் இரண்டாம் பெயரிய 'கவுண்டர் ஸ்டிரைக் 2' 2023 செப்டம்பர் 27இல் வெளிவந்தது. பக்கத்திற்கு ஐவராக நின்று ஆடும் இதில், இமைப்பொழுதிலும் குறைந்த காலமே வெற்றி தோல்வியை முடிவு செய்யும். விநாடிக்கு 60 படங்கள் தோன்றின் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 17 மில்லி விநாடி. 144 படங்கள் தோன்றின் 7 மில்லி விநாடியே. ஆயினும் படங்களின் தொகை மிகுதலினும் அவை ஒரே சீராக வருதலே ஆடுவோனுக்குப் பெரிதும் பயன் தருவதாம்.

ஸ்டீம் நூலகத்தில் ஆட்டத்தின் பெயர்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறப்பின், 'லான்ச் ஆப்ஷன்ஸ்' என்றொரு சிறு கட்டம் காணப்படும். ஆட்டம் தொடங்கும்போதே நிறைவேற வேண்டிய கட்டளைகளை அதில் எழுதலாம். அத்தான் அறையிலோ, புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவருடையவை என்று யாரோ கொடுத்த கட்டளைகள் அக்கட்டம் நிறைய இருந்தன. அவற்றுட் சிலவற்றின் இயல்பு வருமாறு:

'நோவிட்' என்பது தொடக்கப் படக்காட்சியைத் தவிர்ப்பது; சில விநாடி மிச்சமாகுமேயன்றி ஆட்டத்தின் விரைவு கூடாது. 'டிக்ரேட் 128' முந்தைய பதிப்பிலே சொந்தமாக நடத்தும் பயிற்சி ஆட்டங்களுக்கு உதவியது. நிறுவனத்தாரின் சேவைக் கணிப்பொறிகளை அஃது ஒருகாலும் மாற்றாது. 'திரெட்ஸ்' என்பது செயலியின் எத்தனை இழைகளைப் பயன்படுத்துவதென வரையறுப்பது. ஆட்டம் தானே அதனை அறிந்துகொள்ளுமாதலின், பிறர் பொறிக்குரிய எண்ணை எழுதுதல் கேடாய் முடியும். 'ஹை' என்பது ஆட்டத்திற்கு முதலுரிமை தந்து பிற பணிகளைப் பின்தள்ளும். அதனால் ஒலியும் சுட்டியும் தடுமாறுதலும் உண்டு. 'எப்பிஎஸ் மேக்ஸ்' படத்தொகைக்கு வரம்பு கட்டுவது. பொறி தளராது தாங்கும் எண்ணை இடின் அது பயனுடைத்து. 'இன்செக்யூர்' என்பதோ ஏமாற்றுத் தடுப்பையே நீக்குவது. அத்தடுப்பு வேண்டப்படும் ஆட்டக்களங்களுள் அதனோடு நுழைதல் இயலாது.

யாம் அனைத்தையும் அழித்துவிட்டு, ஒரே ஆட்டக்களத்தில் ஒரே வழியில் ஓடிப்பார்த்துப் படத்தொகையை ஏட்டிற் குறித்தோம். பின்னர் ஒவ்வொரு கட்டளையாகச் சேர்த்து மீண்டும் குறித்தோம். அத்தான் நகைத்து, "எங்கள் லைனிலும் இப்படித்தான், பழுது வந்தால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால், எது காரணம் என்று எப்போதும் தெரியாது" என்றார். 'திரெட்ஸ்', 'ஹை' என்னும் இரண்டும் நீங்கியவுடன் படம் நின்று நின்று ஓடுதல் ஒழிந்தது. இன்னொன்றும் கண்டோம். விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கவல்ல அத்திரை, விண்டோஸ் அமைப்பில் 60 என்றே விடப்பட்டிருந்தது. அதனை மாற்றுதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஆகவே, கட்டளைகளைத் தெரிந்தெடுப்போர் கருதத்தக்கவை மூன்று: பொருள் அறியாத கட்டளையை எழுதற்க, ஒருமுறைக்கு ஒன்றே மாற்றுக, மாற்றத்தை எண்ணால் அளந்து அறிக. பிறருக்குப் பொருந்திய அங்கி நமக்கும் பொருந்துமென்று தைத்துக்கொள்வார் இலர்.

அன்றிரவு அண்டை அறையாரோடு மீண்டும் ஆடினர். படம் தடையின்றி ஓடிற்று. ஆயினும் தோல்வியே நேர்ந்தது. எதிரணியார் கைத்திறம் மிக்கவர் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. பொறியின்மேற் பழிபோட இனி இடமில்லாமையால், நாள்தோறும் அரைமணி நேரம் பயில்வதென்று ஐவரும் தீர்மானித்தனர். கிராபிக்ஸ் கார்டுக்கென எடுத்துவைத்த பணத்தை அத்தான் மறுநாட் காலையில் ஊரிலிருக்கும் எம் அத்தைக்கு அனுப்பிவைத்தார்.